ஃபைபர் பிராட்பேண்டா, லீஸ்டு லைனா, இரண்டு கனெக்‌ஷனா? சின்ன ஆபீசுக்கு எது கட்டுப்படியாகும்

திருப்பூரில் இருபது பேர் வேலை பார்க்கும் ஏற்றுமதி ஆபீஸ். பிராட்பேண்டில் 200 எம்பிபிஎஸ், மாதம் ஆயிரத்துச் சொச்சம். லீஸ்டு லைன் (உறுதியான வேகத்தோடு உங்களுக்கென்றே ஒதுக்கித் தரும் இணைப்பு) விற்கும் ஆள் வந்து 50 எம்பிபிஎஸ்ஸுக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "வேகம் கால்வாசி, காசு பத்து மடங்கு, வர்றது அதே கண்ணாடி ஒயர்தானே, இதுல என்ன சார் இருக்கு?" என்கிறார் முதலாளி. சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில் என்பதால் இதே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு எண்களோடு வந்துகொண்டே இருக்கிறது. சரி, ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம்.

கண்ணாடி ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. அதை உங்களோடு எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள், அது எந்தத் தெரு வழியாக வருகிறது, அறுந்தால் எத்தனை மணிக்குள் ஆள் வருவதாக எழுதிக் கொடுக்கிறார்கள், இந்த மூன்றில்தான் விலை ஏறுகிறது. வாங்குகிறவர்கள் எல்லோரும் வேகத்தைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது தெருவை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், நெரிசலான நேரத்தில் கையில் நிற்கும் வேகம். அதிலும் டவுன்லோடைவிட அப்லோடு. வீடியோ காலில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்கும், ஸ்கேன் சென்டரிலிருந்து படம் டாக்டருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கும் பெரும்பாலும் அப்லோடுதான் காரணம். 500 எம்பி அளவுள்ள ஒரு சிடி ஸ்கேன் 40 எம்பிபிஎஸ் அப்லோடில் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். அதே லைன் மாலையில் 5 எம்பிபிஎஸ்ஸாகச் சுருங்கினால் பதின்மூன்று நிமிடம் ஆகும்.

இரண்டாவது, வருஷத்தில் எத்தனை மணி நேரம் லைன் செத்துக் கிடக்கும். 99.5% அப்டைம் என்று ஒப்பந்தத்தில் படிக்கும்போது நூற்றுக்கு நூறு மாதிரித்தான் தெரியும், கணக்குப் போட்டால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம், அதாவது ஐந்து வேலை நாள். 99.9% என்றால் எட்டே முக்கால் மணி நேரம். 99.99% என்றால் 53 நிமிடம்.

மூன்றாவது, பாதை. ஒயர் எந்தக் கம்பம், எந்தப் பள்ளம், எந்தப் பெட்டி வழியாக வருகிறது என்பது.

நான்காவது, உங்களுக்கென்று பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் ஆபீசை நேராக அடைய உதவும் எண்) வேண்டுமா. ஆபீசில் டேலி சர்வர் வைத்துக் கிளையிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்கு வேண்டும், வெறும் மெயிலும் மீட்டிங்கும் பார்க்கிறவர்களுக்கு வேண்டாம். ஐந்தாவது, மொத்தச் செலவு. கொட்டேஷனில் இருக்கும் தொகை அதில் ஒரு பகுதிதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நெட் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளித்துவிடலாம் என்றால் கீழே வரும் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## ஃபைபர் பிராட்பேண்ட்

நம் ஊர்களில் வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை. ஆபரேட்டரின் இடத்தில் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும், அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு இழை கிளம்பி உங்கள் தெருவுக்கு வரும், கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 ஆகவோ 64 ஆகவோ பிரியும். அதில் ஒரு கிளைதான் உங்கள் மோடத்துக்கு வருகிறது. மோடம் என்று நாம் சொல்வது ஓஎன்டி.

அந்த ஒரு போர்ட்டின் மொத்தக் கொள்ளளவு கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244 ஜிபிபிஎஸ். 32 பேரும் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்கு டவுன்லோடு 78 எம்பிபிஎஸ், அப்லோடு 39. ஸ்ப்ளிட் 64 என்றால் இதில் பாதி. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பது அபூர்வம் என்ற நம்பிக்கையில்தான் 200, 300 என்று விற்கிறார்கள், அது நியாயமான நம்பிக்கையும்கூட.

டவுன்லோடு எளிது, ஒரே வெளிச்சம் எல்லோர் வீட்டுக்கும் போகும், உங்கள் ஓஎன்டி தனக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்லோடில்தான் சிக்கல். இரண்டு வீட்டு ஓஎன்டிகள் ஒரே நேரத்தில் வெளிச்சம் விட்டால் ஓஎல்டிக்கு இரண்டுமே புரியாது. அதனால் ஓஎன்டிகள் "என்னிடம் இவ்வளவு தேங்கி நிற்கிறது" என்று அவ்வப்போது சொல்ல, ஓஎல்டி ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுக்கும். ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ நொடி, நொடிக்கு 8000 ஃபிரேம்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு டிபிஏ என்று பெயர். இதில் வகுப்புகள் உண்டு: கேட்டாலும் கேட்காவிட்டாலும் நிலையாகக் கிடைப்பது, கேட்டால் உறுதியாகக் கிடைப்பது, எல்லோருக்கும் கொடுத்தபின் மிச்சமிருந்தால் கிடைப்பது. வீட்டு பிளானுக்கு வழக்கமாகக் கடைசி வகுப்புதான். பிளான் பெயரில் பிசினஸ் என்று ஒட்டியிருப்பதால் மட்டும் வகுப்பு மாறிவிடாது, அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுபவத்தில் பார்த்தது, குடியிருப்புத் தெருவில் பகலில் மட்டும் இயங்கும் ஆபீசுக்கு இந்தப் பங்கீடு சாதகம். தெருவே வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும், போர்ட் காலி. அதே இடத்தில் அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு எட்டு மணிக்கு உட்காரும் ஆபீஸ் என்றால் தெருவில் அத்தனை டிவியும் அதே நேரத்தில் விழித்திருக்கும். அப்புறம் இன்னொன்று, பல இடங்களில் நெரிசல் உங்கள் தெரு ஸ்ப்ளிட்டரில் இருக்காது. உள்ளூர் ஆபரேட்டர் மேலே வாங்கி வைத்திருக்கும் மொத்த இணையக் கொள்ளளவே போதாமல் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் காலை பதினோரு மணிக்கும் ஒரு வாரம் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எழுதி வைத்தால் தெரிந்துவிடும்.

நம்பகத்துக்கு வருவோம். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, பெட்டிக்குள் வெறும் கண்ணாடிதான், அது பெரிய பலம். ஆனால் ஓஎல்டியிலிருந்து ஸ்ப்ளிட்டர் வரை வருவது ஒரே இழை, அது அறுந்தால் அத்தனை வீடும் இருட்டு. இதற்கு மாற்றாக இரண்டு வழியில் இரண்டு இழை போடும் ஏற்பாடு தொழில்நுட்பத்தில் இருக்கிறது, சாதாரணத் தெருவுக்கு யாரும் செலவழிப்பதில்லை. இன்னொரு வினோதம், பக்கத்து வீட்டு ஓஎன்டி ஒன்று பழுதாகித் தன் முறை இல்லாதபோதும் வெளிச்சம் விட்டுக்கொண்டே இருந்தால் அந்த போர்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் நெட் தடுமாறும். உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே நாளாகும்.

பழுது பார்ப்பதிலும் ஒரு தமாஷ் உண்டு. மெயின் இழை அறுந்தால் தெருவே போன் போடும், மாலைக்குள் சரியாகிவிடும். உங்கள் வீட்டுக்கு வரும் கிளை மட்டும் அறுந்தால் நீங்கள் ஒருவர்தான் போன் போடுவீர்கள், வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

ஓஎன்டியின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 18 முதல் 24 வரை டிபிஎம் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ ஒயர் மடங்கியிருக்கிறது, இல்லை ஜாயின்ட் சரியில்லை. சிவப்பு லைட் எரியும் நாள் தூரத்தில் இல்லை. ஜன்னல் கதவில் நசுங்கிய ஒயரை நிமிர்த்தியதும் இந்த எண் கண்ணெதிரே சரியாவதைப் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: அன்லிமிடெட் என்றாலும் பல பிளான்களில் மாதம் 3300 ஜிபியில் வேகம் வெட்டப்படும் (நாளுக்கு 110 ஜிபி, சின்ன ஆபீசுக்குத் தாராளம், கேமரா காட்சிகளை கிளவுடுக்கு அனுப்பினால் தாராளமில்லை). பொது ஐபி பெரும்பாலும் தனியாக வராது, பல நூறு பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்பீர்கள். நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் கேட்டாலும் கிடையாது.

## லீஸ்டு லைன்

50 எம்பிபிஎஸ் என்றால் ஏறவும் 50, இறங்கவும் 50, இரவு ஒன்பது மணிக்கும் 50. இதற்குத்தான் காசு. உங்கள் இடத்திலிருந்து அவர்களுடைய எக்ஸ்சேஞ்ச் வரை இந்த வேகத்தில் யாரோடும் பங்கில்லை. நிலையான ஐபி தொகுப்பு கூடவே வரும். எழுத்தில் எஸ்எல்ஏ, அதாவது லைன் எவ்வளவு நேரம் ஓடும், கெட்டால் எத்தனை மணிக்குள் சரியாகும் என்ற உறுதிமொழி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் செய்தாலும் எடுக்க ஆள் இருக்கும், டிக்கெட் எண் வரும்.

இப்போது விற்பனையாளர் சொல்லாமல் விடும் பகுதி. "எங்க நெட்வொர்க் ரிங், ஒரு பக்கம் அறுந்தாலும் 50 மில்லி செகண்டில் அடுத்த பக்கம் மாறிடும்" என்பார். உண்மைதான். ஆனால் ரிங் இருப்பது ஊரைச் சுற்றி, எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில். அங்கிருந்து உங்கள் மாடிக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் ஒற்றை ஒயர். ஜேசிபி தோண்டுவதும் லாரி இழுத்துக்கொண்டு போவதும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான். கடைசி மைலையும் இரண்டு வழியாகக் கொடு என்று கேட்டால் கொடுப்பார்கள், கொட்டேஷன் வேறு மாதிரி வரும்.

தோண்டுவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு வருஷம் சுமார் 3000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டும் முன் ஒயர் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போக 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலியை வெளியிட்டது. உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலைக்கு வந்திருக்கும் ஒப்பந்ததாரர் அதைத் திறந்து பார்த்தாரா என்று நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள்.

எஸ்எல்ஏவில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, எத்தனை மணிக்குள் சரிசெய்வார்கள். நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தால் அது ஒயர் அறுந்ததற்கும் பொருந்துமா, இல்லை அவர்களுடைய கருவி கெட்டால் மட்டுமா. மூன்றாம் நபர் அறுத்தது, இயற்கைச் சீற்றம், உங்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லாதது எல்லாம் பெரும்பாலும் விலக்கில் இருக்கும். இரண்டு, நஷ்ட ஈடு. அது செத்துக் கிடந்த நேரத்துக்கான வாடகைக் கழிவு மட்டும்தான். ஷிப்மெண்ட் தவறியதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், லீஸ்டு லைன் என்ற பெயரில் என்ன ஒயர் வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். தனி இழையாகவும் வரலாம். சில இடங்களில் அதே ஜிபான் போர்ட்டில், மேலே சொன்ன "உறுதியாகக் கிடைக்கும்" வகுப்பில் போட்டுக் கொடுப்பார்கள். வேகம் உறுதிதான், ஆனால் பக்கத்து வீட்டு ஓஎன்டி கெட்டால் நீங்களும் சேர்ந்து படுப்பீர்கள். ஃபைபர் எட்டாத இடத்தில் மொட்டைமாடியில் ரேடியோ ஆன்டெனா வைத்துத் தருவதும் உண்டு. மூன்றும் ஒரே விலையாக இருக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: வருஷ ஒப்பந்தம், நடுவில் விட்டால் மீதி வாடகை. போட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம், கட்டட உரிமையாளரின் அனுமதி தனிக் கதை. வைஃபை ரௌட்டர் பல நேரம் கூட வராது, ஃபயர்வால் நீங்கள் வாங்க வேண்டும், பொது ஐபி நேராக உள்ளே வருவதால் அதைத் தள்ளிப்போடவும் முடியாது. 18% ஜிஎஸ்டி, அதைக் கழித்துக்கொள்ள முடியாத கிளினிக், ஜிஎஸ்டி பதிவில்லாத டியூஷன் சென்டர் மாதிரி இடங்களில் முழுசாகக் கையிலிருந்துதான் போகும்.

## இரண்டு பிராட்பேண்ட், இரண்டு லைனையும் செருகும் ஒரு டூயல் WAN ரௌட்டர்

பெரும்பாலான சின்ன ஆபீசுக்கு நான் சொல்வது இதுதான், ஒரு நிபந்தனையோடு.

காகிதத்தில் கணக்கு அபாரமாக இருக்கும். ஒவ்வொரு லைனும் வருஷத்துக்கு 20 மணி நேரம் சாகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாகுமானால், ஒரே நேரத்தில் இரண்டும் சாகும் வாய்ப்பு வருஷத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. எந்த லீஸ்டு லைன்காரரும் இந்த எண்ணை எழுதிக் கொடுக்கமாட்டார்.

"சம்பந்தமில்லாமல்" என்ற அந்த நிபந்தனை எப்படி உடைகிறது என்று கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பார்த்தேன். இரண்டு வெவ்வேறு கம்பெனி, இரண்டு பில், நல்ல ரௌட்டர், எல்லாம் முறைப்படி. ரிட்டர்ன் கட்டும் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் இரண்டிலும் சிவப்பு லைட். மாடிக்குப் போய் ஒயரைப் பின்தொடர்ந்தால், பால்கனி கம்பியில் இரண்டு கறுப்பு ஒயரும் ஒரே கேபிள் டையில் கட்டி, எதிர்ச் சந்தின் ஒரே ஈபி கம்பத்துக்குப் போய், அங்கே ஒரே ஜாயின்ட் பெட்டிக்குள் நுழைகின்றன. இரண்டு கம்பெனிக்கும் அந்த ஏரியாவில் வேலை எடுத்திருப்பது ஒரே உள்ளூர் கேபிள்காரர். உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று அந்தச் சந்தில் திரும்பியதில் இரண்டும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. ஜாயின்ட் போட வந்த பையனும் ஒருவன்தான். ஒரு லைனை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டான்.

அதனால் இரண்டாவது கனெக்‌ஷன் எடுக்கும் முன் மொட்டைமாடிக்குப் போய் ஒயர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கண்ணால் பாருங்கள். ஒன்று முன் தெரு வழியாக, ஒன்று பின் தெரு வழியாக வரவேண்டும். முடிந்தால் ஒன்று மேலே கம்பத்தில், இன்னொன்று தரைக்கடியில். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்: 2018இல் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது, கம்பத்தில் தொங்கும் ஒயர் எந்தக் கம்பெனியுடையது என்று கம்பத்துக்குத் தெரியாது.

வேறு பாதையே கிடைக்காத இடத்தில் இரண்டாவதாக 5ஜி வழியாக வரும் ஏர்ஃபைபர் எடுக்கலாம், 2023இலிருந்து கிடைக்கிறது. அப்லோடு சுமார்தான், டவருக்குக் கீழேயும் ஃபைபர்தான் ஓடும், ஆனால் உங்கள் சந்தின் கம்பத்தை அது நம்பியிருக்காது. ஒரு நாள் சமாளிக்க அது போதும்.

ரௌட்டரில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒயர் வெளியே அறுந்திருந்தாலும் ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருக்கும் லேன் கேபிள் உயிரோடுதான் இருக்கும். ரௌட்டர் அதைப் பார்த்து "லைன் இருக்கிறதே" என்று மாறாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் 8.8.8.8 போல வெளியே இருக்கும் ஒன்றிரண்டு முகவரிகளை பிங் செய்து (பதில் வருகிறதா என்று) பார்த்து முடிவெடுக்கும்படி அமைக்க வேண்டும். அடுத்தது இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் லோட் பேலன்ஸ் ஆசை. 100உம் 100உம் சேர்ந்து 200 ஆகும் என்று போடுவார்கள். ஒற்றை டவுன்லோடு ஒரு லைனில்தான் போகும், ஐபி மாறி மாறிப் போவதால் பேங்க் சைட் நடுவில் வெளியே தள்ளும். ஒன்று ஓட ஒன்று காத்திருக்கட்டும். லைன் மாறும் நொடியில் நடந்துகொண்டிருக்கும் காலும் விபிஎன்னும் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) அறுபடும், திரும்ப இணைய வேண்டும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: ரௌட்டர் ஐந்தாறு ஆயிரம், அமைத்துத் தரும் ஆளுக்குக் கூலி, மாதம் ஒருமுறை முதல் லைனைப் பிடுங்கிச் சோதிக்கும் பொறுமை. காத்திருக்கும் லைன் ரீசார்ஜ் தீர்ந்து எப்போதோ செத்துப்போனது யாருக்கும் தெரியாமல் கிடப்பது சகஜம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒரு பிராட்பேண்ட் | லீஸ்டு லைன் | இரண்டு பிராட்பேண்ட் |
|---|---|---|---|
| நெரிசலில் வேகம் | தெருவைப் பொறுத்தது | சொன்னது கிடைக்கும் | தெருவைப் பொறுத்தது |
| அப்லோடு | பங்கில் வருவது | டவுன்லோடுக்குச் சமம் | பங்கில் வருவது |
| அறுந்தால் | காத்திருக்க வேண்டும் | எஸ்எல்ஏ, ஆனால் மாற்று வழி இல்லை | பாதை வேறானால் சில நொடியில் மாறும் |
| நிலையான ஐபி | தனிக் கட்டணம் அல்லது இல்லை | உண்டு | லைன் மாறினால் ஐபியும் மாறும் |
| மாதச் செலவு | குறைவு | பல மடங்கு | ஒன்றைப்போல இரண்டு மடங்கு |
| உங்கள் வேலை | ஒன்றுமில்லை | ஒப்பந்தம் படிப்பது | பாதை பார்ப்பது, சோதிப்பது |

கரண்ட் இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் மூன்றுக்கும் ஒன்றுதான். ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போடாமல் இதில் எதற்குப் பணம் கட்டினாலும் ஈபி ஷட்டவுன் அன்று வீண்.

## யாருக்கு எது

ஆடிட்டர், வக்கீல், சின்ன ஏற்றுமதி ஆபீஸ், மென்பொருள் செய்யும் ஏழெட்டுப் பேர்: இரண்டு பிராட்பேண்ட், பாதை வேறு. திருப்பூர் முதலாளிக்கும் இதைத்தான் சொன்னேன். வெளிநாட்டு பையர்களோடு மீட்டிங் இரவில் என்றால் மட்டும் தெருவின் ஒன்பது மணி வேகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொன்னேன்.

ஸ்கேன் சென்டர், நேரலை வகுப்பு எடுக்கும் பயிற்சி மையம், கிளைகள் உள்ளே வந்து வேலை செய்யும் சர்வர் உள்ள இடம்: லீஸ்டு லைன் தேவைதான், ஆனால் 100 எம்பிபிஎஸ் வேண்டாம். முக்கியமான வேலைக்கு மட்டும் 10 அல்லது 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் எடுத்து, மற்ற எல்லாவற்றையும் (ஊழியர் வைஃபை, விண்டோஸ் அப்டேட், யூடியூப்) பிராட்பேண்டில் தள்ளிவிட்டால் பணமும் மிச்சம், ஒன்று போனால் இன்னொன்றும் இருக்கும். இந்தக் கலவையை விற்பனையாளர்கள் தாங்களாகச் சொல்வதில்லை.

மூன்றாலும் காப்பாற்ற முடியாத நாள்களும் உண்டு. 2025 செப்டம்பரில் ஜெத்தா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணைப்புகள் மந்தமாயின. உங்கள் எஸ்எல்ஏ கம்பெனியின் வாசலோடு முடிந்துவிடும், கடலுக்குள் போகாது. வெளிநாட்டு சர்வரை நம்பித் தொழில் செய்பவர்கள் கம்பெனியின் வெளிநாட்டு இணைப்பு எந்தெந்த வழியில் போகிறது என்று கேட்பதில் தப்பில்லை.

கையெழுத்துப் போடும் முன் மெயிலில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்: கடைசி மைல் தனி இழையா, ஜிபானா, ரேடியோவா, எந்தத் தெரு, எந்தப் பெட்டி வழியாக, அந்தப் பகுதியில் ஃபீல்டு வேலை யாருடைய கையில், ஒயர் அறுந்தால் எத்தனை மணி நேரம். பதில் எழுத்தில் வராத கொட்டேஷனைப் பரிசீலனையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.